கேஷ் காலியானால் என்ன ஆகும்? பரவல் நினைவகக் கேஷ் நிர்வாகம் பற்றி ஓர் ஆய்வு

கேஷ் அமைப்பை நிர்வகிக்கும் எவரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த நொடியில் அதிலுள்ள தரவு முழுவதும் அழிந்துபோனால், பின்னால் நிற்கும் தரவுத்தளம் தாங்குமா? தாங்கும் என்று எண்களோடு சொல்ல முடிந்தால் அந்த அமைப்பு ஆரோக்கியமாக இருக்கிறது. தெரியாது என்றால், கண்காணிப்புத் திரையில் எத்தனை வரைபடங்கள் பச்சையாக இருந்தாலும் அது ஆபத்தில் இருக்கிறது. பல சர்வர்களின் நினைவகத்தைச் சேர்த்து ஒரே சேமிப்பாகப் பயன்படுத்துவதுதான் பரவல் கேஷ். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை நடத்தியவர்கள் கற்றுக்கொண்டவற்றை இந்த ஒரு கேள்வியின் வழியே தொகுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். நினைவகப் பங்கீடு, காலாவதி, சர்வர்களைச் சேர்த்தல் நீக்கல், பாதுகாப்பு என்று தனித்தனியாகப் பேசப்படும் வேலைகள் எல்லாம் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து சேர்கின்றன என்பது என் வாதம்.

ஏன் நினைவகம்?

கணினியின் நினைவகத்திலிருந்து ஒரு தரவை எடுக்கச் சுமார் 100 நானோ நொடி ஆகும். ஒரே தரவு மையத்துக்குள் இன்னொரு இயந்திரத்துக்குச் செய்தி போய்த் திரும்பச் சுமார் அரை மில்லி நொடி. சுழலும் வட்டில் முள் நகர்ந்து ஓரிடத்தைப் படிக்கச் சுமார் 10 மில்லி நொடி. ஆகவே தன் சொந்த வட்டில் தேடுவதைவிட, வலையைத் தாண்டிப் பக்கத்து இயந்திரத்தின் நினைவகத்தில் கேட்டு வாங்குவது ஏறத்தாழ 20 மடங்கு விரைவு. பரவல் கேஷ் பிறந்ததற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

எஸ்எஸ்டி வட்டுகள் வந்த பிறகு இந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் கேஷின் தேவை குறையவில்லை. ஒரு வினவலைப் பகுத்தறிந்து, பல அட்டவணைகளை இணைத்து, பூட்டுகளுக்காகக் காத்திருந்து விடை தயாரிக்கும் உழைப்பு தரவுத்தளத்தின் செயலியில் நடக்கிறது. கேஷ் இன்று மிச்சப்படுத்துவது பெரும்பாலும் அந்த உழைப்பைத்தான். நிர்வாகி இதை மனத்தில் கொள்ள வேண்டும். வேகத்துக்காக வைத்த கேஷ் போனால் பக்கம் மெதுவாகத் திறக்கும். உழைப்பைத் தாங்க வைத்த கேஷ் போனால் பக்கமே திறக்காது.

முதலாவது வகை இரண்டாவதாக மாறுவது யாரும் எடுத்த முடிவால் நடப்பதில்லை. கேஷ் வந்ததும் தரவுத்தளத்தின் சுமை இறங்குகிறது. இறங்கிய சுமைக்கு ஏற்பத் தரவுத்தளத்துக்கு இயந்திரம் வாங்குகிறார்கள். பயனர்கள் பெருகுகிறார்கள், கேஷ் அவர்களைத் தாங்குகிறது. கட்டடத்துக்குச் சாரமாகக் கட்டியது, யாரும் கவனிக்காத ஒரு நாளில், தூணாகிவிட்டிருக்கும்.

மரபுகள்

2003இல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் மெம்கேஷ்டி என்ற பரவல் கேஷ் மென்பொருளை எழுதினார். முதல் மரபு இதுதான். முதல் வடிவம் பெர்ல் மொழியில் இருந்தது. பிறகு அனடோலி வொரோபே அதை சி மொழியில் எழுதினார். அப்போது அந்தத் தளத்துக்கு 10 லட்சம் பயனர்கள், நாளொன்றுக்கு 2 கோடிக்கும் மேலான பக்கப் பார்வைகள். வலை சர்வர்களில் சும்மா கிடந்த நினைவகத்தை ஒன்றுசேர்த்ததில் தரவுத்தளச் சுமை ஏறத்தாழ இல்லாமலே போனது.

மெம்கேஷ்டியின் சர்வர்கள் ஒன்றையொன்று அறியாதவை. தரவின் அடையாளப் பெயரான கீ எந்த சர்வரில் இருக்க வேண்டும் என்பதைப் பயன்பாட்டோடு சேர்ந்த கிளையன்ட் நூலகமே தீர்மானிக்கிறது. இதனால் சர்வர் மிக எளிமையாக இருக்கிறது. நிர்வாகத்தின் பாரமோ பயன்பாடுகளின் கட்டமைப்புக் கோப்புக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. இருபது பயன்பாட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் பழைய பட்டியல் தங்கிவிட்டால், ஒரே கீ இரண்டு இடங்களில் வாழத் தொடங்கும். ஓரிடத்தில் அழித்தது இன்னோரிடத்தில் உயிரோடிருக்கும். எந்த சர்வரின் பதிவேட்டிலும் இது பிழையாகத் தெரியாது.

இரண்டாவது மரபு தரவுக் கட்டம் எனப்படும் டேட்டா கிரிட். டாங்கோசால் நிறுவனம் உருவாக்கி, 2007இல் ஆரக்கிள் வாங்கிய கோஹெரன்ஸ், ஜெம்ஃபயர், இஸ்தான்புல்லில் தொடங்கிய ஹேசல்காஸ்ட், அப்பாச்சி இக்னைட் ஆகியவை இவ்வகை. இங்கே சர்வர்கள் ஒன்றையொன்று அறியும். தரவைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் காப்புப் பிரதி வைக்கும். ஹேசல்காஸ்டில் இயல்பாக 271 பகுதிகள், கோஹெரன்ஸில் 257, இக்னைட்டில் 1,024. இங்கே நிர்வாகியின் கவலை உறுப்பினர் பட்டியலைச் சுற்றி வருகிறது. வலை நடுவில் அறுந்தால் இரு பாதிகளும் தாமே முழுக் கிளஸ்டர் (சர்வர் தொகுதி) என்று நம்பத் தொடங்கும் நிலைக்கு முன்கூட்டியே விடை வைத்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2010இல் வெளியிட்ட ஆப்ஃபேப்ரிக் இதற்காகவே சில சர்வர்களுக்கு முன்னணிப் பொறுப்பைக் கொடுத்தது. அந்த முறையில் முன்னணி சர்வர்களில் பெரும்பான்மை இயங்கினால்தான் கிளஸ்டர் இயங்கும். மூன்றில் இரண்டைப் பராமரிப்புக்காக ஒரே சமயத்தில் நிறுத்தினால், மீதி அத்தனையும் நல்ல நிலையில் இருந்தும் கிளஸ்டர் படுத்துவிடும்.

இத்தாலியின் சிசிலியைச் சேர்ந்த சால்வடோரே சான்ஃபிலிப்போ 2009இல் வெளியிட்ட ரெடிஸ் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. 2015இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அதன் கிளஸ்டர் வடிவம் கீகளை 16,384 கூறுகளாகப் பிரித்துச் சர்வர்களிடம் ஒப்படைக்கிறது. தவறான சர்வரிடம் கேட்டால், சரியான முகவரியை அதுவே சொல்லி அனுப்பும். ஆனால் முதன்மை சர்வரிலிருந்து பிரதிக்குத் தரவு போவது காத்திருக்காத முறையில் நடக்கிறது. எழுதியாயிற்று என்று பதில் கிடைத்த தரவுகூட, அடுத்த கணம் முதன்மை சர்வர் விழுந்தால் தொலையலாம். கேஷுக்கு இது பொறுக்கத்தக்கது. அதையே மூலச் சேமிப்பாக நம்பியவர்களுக்குப் பொறுக்கத்தக்கதல்ல.

ஹிட் விகிதத்தின் கணக்கு

கேட்ட தரவு கேஷில் கிடைத்தால் ஹிட், கிடைக்காவிட்டால் மிஸ். 99 சதவீத ஹிட் விகிதம் 98 ஆகக் குறைந்தது என்றால் கூட்டத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். நொடிக்கு 1 லட்சம் கோரிக்கைகள் வரும் தளத்தில் அதன் பொருளைப் பாருங்கள். 99 சதவீதத்தில் தரவுத்தளத்துக்குப் போவது 1,000. 98 சதவீதத்தில் 2,000. ஒரே ஒரு சதவீதச் சரிவில் தரவுத்தளத்தின் சுமை இரட்டிப்பாகிவிட்டது. 90க்கு விழுந்தால் 10,000, அதாவது பத்து மடங்கு. ஆகவே நிர்வாகியின் திரையில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது மிஸ் எண்ணிக்கை, நொடிக்கு இத்தனை என்று. பக்கத்திலேயே தரவுத்தளம் அதிகபட்சம் தாங்கும் எண்ணும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் உண்மையான பாதுகாப்பு.

சராசரியும் ஏமாற்றும். நம் ஊரில் இதற்கு ரயில் முன்பதிவைவிட நல்ல சான்று இல்லை. தட்கல் டிக்கெட்டுக்கு ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று நேரம் குறித்தாயிற்று. நாள் முழுவதும் பரவியிருக்க வேண்டிய கூட்டம் ஒரே நிமிடத்தில் கதவைத் தட்டும். 2014 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி தன் புதிய இணைய முன்பதிவு அமைப்பைத் தொடங்கியபோது, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆனது. இந்திய ரயில்வேயின் தகவல் மையமான கிரிஸ் உருவாக்கிய அந்த அமைப்பு ஜெம்ஃபயர் நினைவகக் கட்டத்தைப் பயன்படுத்தியது. இத்தகைய தளத்தை நாள் சராசரியைக் கொண்டு அளந்தால் பாதி இயந்திரங்கள் வீண் என்றே தோன்றும். அளக்க வேண்டியது அந்த ஒரு நிமிடத்தை.

தாமதத்திலும் இதே கதைதான். ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வுத்தாளின்படி, அதன் பிரபலமான பக்கம் ஒன்றைத் திறக்கக் கேஷிலிருந்து சராசரியாக 521 தரவுகள் எடுக்கப்பட்டன. நூறில் ஒரு கோரிக்கை மட்டும் மெதுவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 521 கோரிக்கைகளும் விரைவாக முடியும் வாய்ப்பு 0.99ஐ 521 முறை பெருக்கினால் வருவது, சுமார் அரை சதவீதம். அதாவது ஏறத்தாழ எல்லாப் பக்கங்களும் குறைந்தது ஒரு மெதுவான கோரிக்கைக்காகக் காத்திருக்கும். நூற்றுக்கு 99 கோரிக்கைகள் நலம் என்ற அறிக்கை இங்கே ஆறுதல் தராது.

நினைவகத்தைப் பங்கிடுதல்

மெம்கேஷ்டி தன் நினைவகத்தை 1 மெகாபைட் பக்கங்களாக எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே அளவுள்ள அறைகளாக நறுக்குகிறது. அறை அளவுகள் 96, 120, 152, 192, 240 பைட் என்று சுமார் 1.25 மடங்காக ஏறிச் செல்லும். 121 பைட் தேவைப்படும் தரவு 152 பைட் அறையில் உட்காரும். மீதி 31 பைட் வீண்தான். ஆனாலும் நினைவகம் துண்டுதுண்டாகச் சிதறுவதில்லை. மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் சர்வருக்கு அதுவே பெரிய வரம்.

இதில் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. பயன்பாட்டில் பயனர் விவரத்தின் அளவு இதுவரை 400 பைட்டாக இருந்தது, புதிய வெளியீட்டில் சில புலங்கள் சேர்ந்து 700 ஆகிவிட்டது என்போம். பக்கங்கள் எல்லாம் ஏற்கெனவே 480 பைட் அறைகளாக நறுக்கப்பட்டுவிட்டன. புதிய தரவுக்கு 752 பைட் அறை வேண்டும். அந்த வகுப்புக்கு இருப்பதோ சில பக்கங்கள் மட்டுமே. மொத்த நினைவகத்தில் பெரும்பகுதியை யாரும் தொடாத பழைய தரவு அடைத்துக்கொண்டிருக்க, சற்றுமுன் எழுதிய புதிய தரவு நொடிக்கு நொடி வெளியேற்றப்படும். ஹிட் விகிதம் ஏன் விழுந்தது என்று தேடுபவர் மொத்த நினைவகத்தைப் பார்த்தால் விடை கிடைக்காது, வகுப்புவாரியாகப் பார்க்க வேண்டும். பிந்தைய பதிப்புகளில் பக்கங்களை வகுப்பு மாற்றித் தரும் வசதி வந்துவிட்டது. அது ஓடுகிறதா என்று உறுதி செய்வது நிர்வாகியின் வேலை.

ரெடிஸில் கவனிக்க வேண்டியவை வேறு. 64 பிட் இயந்திரத்தில் அதற்கு இயல்பாக நினைவக வரம்பு கிடையாது. வரம்பு வைக்காமல் விட்டால் வளர்ந்துகொண்டே போய், ஒருநாள் இயங்குதளமே அதைக் கொன்றுவிடும். வரம்பு வைத்தாலும், எதையும் வெளியேற்றாதே என்பதுதான் இயல்பான கொள்கை. நிரம்பியதும் பழையதை நீக்காமல், புதிய எழுத்துகளைப் பிழை சொல்லித் திருப்பும். கேஷாகப் பயன்படுத்துவோர் வெளியேற்றக் கொள்கையைத் தாமே தேர்ந்தெடுத்துக் குறிப்பிட வேண்டும். வட்டில் பிரதி எடுக்கும் நேரத்தில் ரெடிஸ் தன்னையே கிளைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் எழுத்துகள் அதிகமாக இருந்தால் மாறிய பக்கங்களுக்கு இரட்டை நினைவகம் தேவைப்படும். இயந்திரத்தின் ரேம் முழுவதையும் கேஷுக்கே எழுதிக் கொடுத்தவர்கள் நள்ளிரவுப் பிரதியின்போது விழுவது இதனால்தான்.

ஆப்ஃபேப்ரிக்கை அடியாகக் கொண்ட, மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட் 2013இன் பரவல் கேஷ் இதையே வெளிப்படையாகச் சொன்னது. ஒதுக்கிய நினைவகத்தில் பாதிதான் தரவுக்கு, மறு பாதி மேலாண்மைச் செலவுக்கு. ஒரு சர்வருக்கு 16 ஜிகாபைட்டுக்கு மேல் கொடுத்தால், நினைவகக் குப்பையை அகற்றும் நேரத்தில் அது 10 நொடிக்கும் மேலாகப் பதில் சொல்லாமல் நிற்கலாம் என்றும் எச்சரித்தது. பெரிய சர்வர் ஒன்றைவிட நடுத்தர சர்வர்கள் சில நலம் என்ற பாடம் மற்ற அமைப்புகளுக்கும் பொருந்தும். ஒன்று விழுந்தால் இழக்கும் பங்கும் அப்போது சிறியது.

காலாவதியும் பழைய தரவும்

ஒவ்வொரு தரவுக்கும் ஆயுட்காலம் குறிப்பது எளிய வேலை போலத் தோன்றும். மெம்கேஷ்டியில் அதை நொடிகளில் கொடுக்க வேண்டும். 30 நாள், அதாவது 25,92,000 நொடி வரை, அந்த எண் இப்போதிலிருந்து இத்தனை நொடி என்று கொள்ளப்படும். அதைத் தாண்டினால் 1970 ஜனவரி 1 முதல் எண்ணும் நாட்காட்டி நேரமாகக் கொள்ளப்படும். யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு 31 நாள் என்று 26,78,400 நொடி கொடுத்தால், சர்வர் அதை 1970 பிப்ரவரி 1 என்று படிக்கும். சேமித்தேன் என்று பதில் சொல்லும். தரவு அப்போதே காலாவதி. பிழைச் செய்தி எதுவும் வராது, ஹிட் மட்டும் பூஜ்யமாக இருக்கும்.

ஒரே நேரத்தில் நிரப்பிய தரவுகளுக்கு ஒரே ஆயுளைக் கொடுப்பதும் தவறு. புதிய வெளியீட்டுக்குப் பின் ஆயிரக்கணக்கான கீகள் 3,600 நொடி ஆயுளோடு எழுதப்பட்டால், சரியாக ஒரு மணி நேரம் கழித்து அத்தனையும் சேர்ந்து சாகும். தரவுத்தளத்தின் வரைபடத்தில் மணிக்கொரு கூர்முனை தோன்றும். ஒவ்வொரு கீக்கும் 360 நொடி வரை கூட்டியோ குறைத்தோ கொடுத்தால் அந்த முனை மழுங்கிவிடும்.

இதைவிடக் கடினமானது மிகப் பலர் கேட்கும் ஒற்றைக் கீ காலாவதியாவது. ஆயிரம் கோரிக்கைகள் ஒரே கணத்தில் மிஸ் ஆகி, ஆயிரமும் தரவுத்தளத்தை நோக்கி ஓடும். விடையோ ஒன்றுதான். 2013 ஆய்வுத்தாளில் ஃபேஸ்புக் விவரித்த குத்தகை முறை இதற்குச் சிறந்த பதில்களில் ஒன்று. மிஸ் ஆன கோரிக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கேஷ் சர்வர் ஓர் அனுமதிச் சீட்டைக் கொடுக்கும். ஒரு கீக்கு 10 நொடிக்கு ஒரு சீட்டுதான். மற்றவர்கள் சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்டால் அதற்குள் விடை வந்திருக்கும். இந்த நெரிசலுக்கு ஆளாகும் கீகளில் சோதித்தபோது தரவுத்தளத்தின் உச்ச வினவல் எண்ணிக்கை நொடிக்கு 17,000இலிருந்து 1,300 ஆகக் குறைந்தது.

அதே சீட்டு பழைய தரவுச் சிக்கலையும் தீர்க்கிறது. ஒருவர் மிஸ் ஆகித் தரவுத்தளத்திலிருந்து பழைய மதிப்பைப் படிக்கிறார், ஆனால் கேஷில் எழுதத் தாமதிக்கிறார். அதற்குள் இன்னொருவர் தரவுத்தளத்தைப் புதுப்பித்துக் கேஷில் அந்தக் கீயை அழிக்கிறார். பிறகு முதலாமவர் வந்து பழைய மதிப்பை எழுதிவிட்டுப் போகிறார். இனி ஆயுள் முடியும்வரை பொய்தான் பரிமாறப்படும். குத்தகை முறையில், அழிப்பு நடந்த உடனே முந்தைய சீட்டு செல்லாமல் போவதால் அவர் எழுதவே முடியாது. தரவு மாறும்போது கேஷில் புதிய மதிப்பை எழுதுவதைவிடக் கீயை அழிப்பதே மேல் என்ற வழக்கமும் இதோடு சேர்ந்தது. அழிப்பை இரண்டு முறை செய்தாலும் விளைவு ஒன்றே. எழுத்துகள் வரிசை மாறி வந்தாலோ தவறு நிலைத்துவிடும்.

சேர்த்தலும் நீக்கலும்

நான்கு சர்வர்கள் உள்ளன. கீயிலிருந்து கணக்கிடும் ஹாஷ் எண்ணை 4ஆல் வகுத்து வரும் மீதியே சர்வர் எண். கூட்டம் பெருகியதால் ஐந்தாவதைச் சேர்க்கிறோம், இனி 5ஆல் வகுக்கிறோம். எத்தனை கீகள் பழைய இடத்திலேயே இருக்கும்? ஒவ்வொரு 20 எண்களிலும் இரண்டு மீதியும் ஒன்றாக இருப்பவை 0, 1, 2, 3 ஆகிய நான்கு மட்டுமே. 80 சதவீதம் இடம் மாறிவிடும். சுமையைக் குறைக்கச் செய்த காரியம் கேஷில் ஐந்தில் நான்கு பங்கை ஒரே அடியில் பயனற்றதாக்கிவிடுகிறது. பத்து சர்வர்களோடு பதினொன்றாவதைச் சேர்த்தால் நிலை இன்னும் மோசம், 91 சதவீதம் போகும்.

1997இல் டேவிட் கார்கரும் எம்ஐடியைச் சேர்ந்த அவருடைய சகாக்களும் முன்வைத்த கன்சிஸ்டன்ட் ஹாஷிங் முறையில் சர்வர்களும் கீகளும் ஒரே எண் வளையத்தில் இடம்பெறுகின்றன. ஐந்தாவது சர்வர் வந்தால் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கீகளே அதனிடம் போகும், மற்றவை அசையாது. 2007இல் லாஸ்ட்.எஃப்எம் வெளியிட்ட கெட்டமா நூலகம் இதை மெம்கேஷ்டி உலகுக்குள் கொண்டுவந்தது. இன்று ஏறத்தாழ எல்லாக் கிளையன்ட்களிலும் இந்த வசதி உண்டு. ஆனால் அது இயல்பாகவே இயங்குகிறதா, நாம் இயக்கிவிட வேண்டுமா என்பது கிளையன்டுக்குக் கிளையன்ட் மாறுகிறது. முதல் சர்வரைச் சேர்ப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டிய அமைப்பு இது.

ஒரு சர்வர் விழுந்தால் அதன் பங்கை மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுப்பது இயல்பான யோசனை. விழுந்ததற்குக் காரணம் தாங்க முடியாத ஒற்றைக் கீ என்றால், அந்தக் கீ அடுத்த சர்வருக்குப் போய் அதையும் வீழ்த்தும். ஃபேஸ்புக் இதனால் கிளஸ்டரில் சுமார் 1 சதவீத சர்வர்களைச் சும்மா நிறுத்தி வைத்து, விழுந்த சர்வரின் கோரிக்கைகளை அவற்றுக்கு மட்டும் திருப்பியது. புதிய கிளஸ்டரைக் காலியாகத் திறக்காமல், மிஸ் ஆனவற்றை ஏற்கெனவே நிரம்பிய இன்னொரு கிளஸ்டரிலிருந்து எடுத்துக்கொள்ளவும் வழி செய்தது. முழுத் திறனை அடைய நாட்கள் ஆனது சில மணி நேரமாகச் சுருங்கியது. சிறிய நிறுவனத்திடம் இத்தனை ஏற்பாடு இருக்காது. ஆனாலும் ஒரு நேரத்தில் ஒரு சர்வரை மட்டும் நிறுத்துவது, அது நிரம்பும்வரை காத்திருந்து அடுத்ததைத் தொடுவது என்ற ஒழுக்கத்துக்குச் செலவே இல்லை.

சரிவின் உடற்கூறு

2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முடங்கியது. காரணத்தை அந்நிறுவனமே விளக்கி எழுதியது. கேஷில் தவறான கட்டமைப்பு மதிப்பு இருந்தால் அதை நீக்கி, மூலச் சேமிப்பிலிருந்து சரியானதைக் கொண்டுவரும் ஒரு தானியங்கி இருந்தது. அன்று மூலச் சேமிப்பிலேயே தவறான மதிப்பு எழுதப்பட்டுவிட்டது. ஒவ்வொரு கிளையன்டும் கேஷில் தவறைக் கண்டு, நீக்கி, தரவுத்தளத்தைக் கேட்டது. நொடிக்கு லட்சக்கணக்கான வினவல்கள் குவிந்தன. தரவுத்தளம் திணறிப் பிழை தந்தது. அந்தப் பிழையையும் தவறான மதிப்பு என்றே கிளையன்ட் புரிந்துகொண்டு கேஷிலுள்ள கீயை மறுபடியும் அழித்தது. மூலத் தவறைத் திருத்திய பின்னும் வெள்ளம் வடியவில்லை. கடைசியில் அந்தத் தரவுத்தளக் கிளஸ்டருக்குப் போகும் போக்குவரத்தை முழுவதும் நிறுத்தி, தளத்தையே மூடித்தான் மீள முடிந்தது.

தூண்டிய காரணம் நீங்கிய பிறகும் தன்னைத்தானே ஊட்டிக்கொண்டு நிலைக்கும் இத்தகைய சரிவுகளை 2021 முதல் ஆய்வாளர்கள் தனி வகையாகவே ஆராய்ந்துவருகிறார்கள். காலியான கேஷ் அவற்றுக்கு முதன்மையான உதாரணங்களில் ஒன்று. கேஷ் காலி, எனவே தரவுத்தளம் மெதுவாகிறது. மெதுவானதால் கோரிக்கைகள் நேரம் கடந்து கைவிடப்படுகின்றன. கைவிடப்பட்டதால் விடை கேஷுக்குத் திரும்பி வருவதில்லை. ஆகவே கேஷ் காலியாகவே இருக்கிறது. இதிலிருந்து வெளியேற முதன்மையான வழி உள்ளே வரும் கூட்டத்தைக் குறைப்பது. அதற்கான தடுப்பு தரவுத்தளத்தின் வாசலில் முன்பே இருக்க வேண்டும். சரிந்துகொண்டிருக்கும்போது கட்ட நேரம் இருக்காது.

திறந்து கிடக்கும் கதவுகள்

கேஷ் அமைப்புகள் நம்பகமான உள்வலையில் மட்டுமே இருக்கும் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டவை. அந்த எண்ணம் பொய்த்தபோது என்ன ஆகும் என்பதை 2018 பிப்ரவரி 28 காட்டியது. இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த மெம்கேஷ்டி சர்வர்களைப் பயன்படுத்தி, கிட்ஹப் தளத்தின் மீது நொடிக்கு 1.35 டெராபிட் வெள்ளம் ஏவப்பட்டது. யூடிபி வழியாகப் பொய்யான அனுப்புநர் முகவரியோடு வரும் சிறு கேள்விக்கு மெம்கேஷ்டி மிகப் பெரிய விடையைக் குறிவைத்த இடத்துக்கு அனுப்பும். பெருக்கம் 50,000 மடங்கையும் தாண்டியது. அதே சமயம் வெளிவந்த 1.5.6 பதிப்பில் யூடிபி இயல்பாக மூடப்பட்டது. ரெடிஸும் கடவுச்சொல் இல்லாமல் வெளியே திறந்து கிடந்த சர்வர்கள் தாக்கப்பட்ட பிறகே, 3.2 பதிப்பில் பாதுகாப்பு முறையை இயல்பாக்கியது. இன்றைய நிர்வாகி பழைய பதிப்புகளைத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். மெம்கேஷ்டியின் 11211, ரெடிஸின் 6379 ஆகிய போர்ட்கள் வெளியிலிருந்து தெரிகின்றனவா என்று வெளியிலிருந்தே சோதிக்க வேண்டும்.

கேஷில் இருப்பது பிரதிதானே என்ற அலட்சியமும் ஆபத்து. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடி பயனர்கள் சிலருக்கு மற்றவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. ரெடிஸ் கிளையன்ட் நூலகத்தில் இருந்த பிழை காரணம். பாதியில் ரத்தான கோரிக்கையின் விடை இணைப்பிலேயே தங்கி, அதே இணைப்பில் அடுத்து வந்தவருக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைய 9 மணி நேர இடைவெளியில் செயல்பட்ட கட்டணச் சந்தாதாரர்களில் 1.2 சதவீதத்தினரின் பணம் செலுத்தும் விவரங்களில் சில பிறருக்குத் தெரிந்திருக்கலாம் என்று ஓப்பன்ஏஐ அறிவித்தது. பிரதி என்றாலும் அது ஒரு மனிதரின் பெயர், முகவரி. எந்தத் தரவு கேஷுக்குள் போகலாம் என்று தீர்மானிப்பதில் நிர்வாகிக்கும் குரல் வேண்டும்.

மென்பொருளின் ஆயுள்

கேஷில் உள்ள தரவுக்கு மட்டும் அல்ல, கேஷ் மென்பொருளுக்கும் காலாவதி உண்டு. ஆப்ஃபேப்ரிக்கின் ஆதரவு 2016 ஏப்ரலில் முடியும் என்று மைக்ரோசாஃப்ட் ஓர் ஆண்டுக்கு முன்பு அறிவித்தது. பிறகு 2022 வரை நீட்டித்தது. அதன் பவர்ஷெல் கட்டளைகளைச் சுற்றித் தம் நடைமுறைகள் அனைத்தையும் கட்டியவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. 2024 மார்ச்சில் ரெடிஸ் தன் திறந்த உரிமத்தைக் கைவிட்டது. சில நாட்களிலேயே லினக்ஸ் அறக்கட்டளையின் குடையில் வால்கீ என்ற கிளை பிறந்தது. 2025இல் ரெடிஸ் மீண்டும் ஒரு திறந்த உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. கேஷ் என்பதன் வரையறைப்படியே அதிலுள்ள தரவை இழக்கலாம். ஆகவே மென்பொருளை மாற்றுவது தரவுத்தளத்தை மாற்றுவதைவிட மிக எளிதாக இருக்க வேண்டும். மாற்றவே முடியாத நிலைக்கு வந்துவிட்டோம் என்றால், அது கேஷாக இருப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது என்று பொருள்.

முடிவாக

இதுவரை பார்த்தவற்றில் கருவிகளுக்குக் குறைவில்லை. வளைய ஹாஷிங், குத்தகைச் சீட்டு, சிதறிய ஆயுட்காலம், காத்திருப்பு சர்வர்கள் எல்லாம் வெளியிடப்பட்டு, விவாதிக்கப்பட்டு, பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. குறைவது பயிற்சி. தீயணைப்பு ஒத்திகை நடத்தும் அலுவலகங்களில்கூடக் கேஷ் காலியாகும் ஒத்திகை நடப்பதில்லை.

நடத்துவது அப்படியொன்றும் கடினமல்ல. கூட்டம் குறைந்த ஒரு வேளையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேஷ் சர்வரைக் காலிசெய்ய வேண்டும். தரவுத்தளத்தின் சுமை எவ்வளவு ஏறியது, எத்தனை நிமிடத்தில் இறங்கியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணிலிருந்து இரண்டு சர்வர்கள் போனால் என்ன ஆகும், எல்லாமே போனால் என்ன ஆகும் என்று கணக்கிடலாம். தாங்காது என்று தெரிந்தால் வாசலில் தடுப்பு வைக்கவோ, தரவுத்தளத்தை வலுப்படுத்தவோ, எந்தப் பக்கங்களை முதலில் மூடுவது என்று பட்டியல் எழுதவோ பகல் வெளிச்சத்தில் நேரம் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் சுமை நிற்காமல் வளர்கிறது. இப்படிச் செய்யும் குழு மற்ற எல்லா அமைப்புகளையும் தானாகவே சரிபார்க்கத் தொடங்கும், ஏனென்றால் ஒவ்வொன்றும் அந்த ஒத்திகையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பரவல் கேஷை நிர்வகிப்பது என்றால், அது இல்லாத ஒரு நாளை அது இருக்கும்போதே வாழ்ந்து பார்ப்பதுதான்.